டர்போ வண்டிக்கு ரோன்97 கட்டாயமா?

இந்த வாரம் ஒரே கேள்விக்குத்தான் பதில். ரவாங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் 1.5 லிட்டர் டர்போ எஸ்.யூ.வி. ஒன்றை ஒன்பது வருடக் கடனில் எடுத்திருக்கிறார்கள். வண்டியைக் கொடுத்த அன்று விற்பனையாளர், "டர்போ வண்டிக்கு ரோன்97 தான் ஊற்ற வேண்டும், அப்போதுதான் எண்ணெய் மிச்சமாகும்" என்று சொல்லி அனுப்பினாராம். அன்றிலிருந்து கணவர் வேறு எதையும் ஊற்றுவதில்லை. "கூடுதலாகக் கொடுக்கும் காசில் மகளின் டியூஷன் கட்டணத்தைக் கட்டிவிடலாம். 95 ஊற்றினால் இஞ்சின் போய்விடும் என்கிறார் அவர். கடன் முடியும்வரை வண்டி ஓட வேண்டுமே என்ற பயம் எனக்கும் உண்டு. யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. இப்போது நம்மவர்கள் வாங்கும் எஸ்.யூ.வி.களில் பாதிக்கு மேல் டர்போதானோ என்று எண்ணும் அளவுக்கு, நான் போகும் திருமண மண்டபங்களின் வாகன நிறுத்துமிடங்களில் அவை நிற்கின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

95, 97 என்பவை பெட்ரோலின் சக்தியைக் குறிக்கும் எண்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு லிட்டர் 97-இல் ஒரு லிட்டர் 95-ஐவிட அதிக சக்தி அடைத்து வைக்கப்படவில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கி, தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு பொறுமையாக இருக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஐசோ-ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 மதிப்பெண், ஹெப்டேன் என்ற பொருளுக்குப் பூஜ்யம். 95 பங்கு முதலாவதும் 5 பங்கு இரண்டாவதும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோல்தான் ரோன்95.

இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நசுக்கப்படும். சரியான நொடியில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்க வேண்டும். அதன்பின் நெருப்பு ஓர் ஓரத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அப்படிப் பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாக வெடித்தால் 'டக டக' என்று ஒரு சத்தம் வரும். பட்டறைக்காரர்கள் இதை 'நாக்கிங்' என்பார்கள். இது தொடர்ந்தால் பிஸ்டன் அடிவாங்கும்.

டர்போ இஞ்சினில் இந்த ஆபத்து கூடுதல். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. அழுத்தினால் காற்று சூடாகும். வெளியே நம் ஊர் வெயில் வேறு. "டர்போ என்றால் உயர்ந்த எண் வேண்டும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

ஆனால் இஞ்சினை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். இன்றைய வண்டிகளில் நாக்கிங்கைக் கேட்டறியும் ஓர் உணர்கருவி இஞ்சினிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. நம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே அது கண்டுபிடித்துவிடும். உடனே வண்டியின் கணினி பொறி வைக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும், தேவையானால் டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். இஞ்சின் தப்பித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மட்டும் இழுவை கொஞ்சம் குறையும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். எந்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்பதை வண்டியைச் செய்தவர்கள் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். அங்கே 95 என்று இருந்தால், 95 ஊற்றியதற்காக இஞ்சின் போகாது.

காசுக் கணக்கு

இனி சகோதரி கேட்ட பணத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டத்தில் ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியர்களுக்கு ரோன்95 ஒரு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் என்று வந்தது. திட்டம் தொடங்கியபோது மாத அளவு 300 லிட்டர். ரோன்97-க்கு உதவித்தொகை கிடையாது. அதன் விலை சந்தை விலையோடு ஏறி இறங்கும். கணக்குக்காக 3 ரிங்கிட் 20 சென் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அந்த வார விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம். 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர். ஆக 120 லிட்டர். ரோன்95 என்றால் 238 ரிங்கிட் 80 சென். ரோன்97 ஊற்றியதால் 3 விழுக்காடு மிச்சமாகிறது என்றே தாராளமாக எடுத்துக்கொள்வோம். 116.4 லிட்டர், 372 ரிங்கிட் 48 சென். மாதம் 133 ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். வருடத்துக்கு 1,600 ரிங்கிட். இதே விலை நீடித்தால் ஒன்பது வருடக் கடன் முடியும்போது 14,000 ரிங்கிட்டைத் தாண்டும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இந்த விலைகளில் 97 ஊற்றி நட்டமில்லாமல் இருக்க வேண்டுமானால், 8 லிட்டர் குடிக்கும் வண்டி 5 லிட்டருக்கும் கீழே வர வேண்டும். எந்த ஆக்டேனும் அந்த வேலையைச் செய்யாது.

3 விழுக்காடு என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. உயர் ரகப் பெட்ரோல் கட்டாயமில்லை, ஆனால் நல்லது என்று தயாரிப்பாளரே பரிந்துரைக்கும் வண்டிகளைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சராசரியாகக் கிடைத்த எரிபொருள் மிச்சம் 2.7 விழுக்காடு. கூடிய சக்தி 1.4 விழுக்காடு. பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளிலேயே இவ்வளவுதான்.

யாருக்கு 97 தேவை?

எல்லாருக்கும் 95 போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். அது எதிர்ப்பக்கத்துத் தவறு. சில ஐரோப்பிய டர்போ வண்டிகளின் மூடியில் 98 என்றும், குறைந்தது 95 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பரிந்துரை, இரண்டாவது எல்லை. எல்லைக்குக் கீழே போகாதவரை பயமில்லை. ஆனால் 98 மட்டுமே எழுதியிருந்தால், அந்த வண்டிக்கு 95 ஊற்றி மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள். பழைய ஐரோப்பிய வண்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் தம்பி தங்கைகள், மாதத் தவணையை மட்டும் கணக்குப் போடாமல் முதலில் அந்த மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

உயர் ரகத்தால் சக்தி கூடும் வண்டிகளும் உண்டு. மஸ்டா நிறுவனம் 2019-இல் அமெரிக்காவில் விற்ற சி.எக்ஸ்-5 2.5 டர்போவுக்கு இரண்டு கணக்கு கொடுத்தது. சாதாரண 87 ரகத்தில் 227 குதிரைசக்தி, 93 ரகத்தில் 250. ஆனால் அந்தக் கூடுதல் 23 குதிரைகள் மிதியை முழுதாக அழுத்தும்போதுதான் வெளியே வரும். பெடரல் நெடுஞ்சாலையின் காலை நெரிசலில் அவற்றுக்கு வேலை இல்லை.

இங்கே 87, 93 என்ற எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்கர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அங்கே 87 என்பது நம் கணக்கில் ஏறக்குறைய ரோன்91. அங்கே 93 என்பது ஏறக்குறைய ரோன்98. அமெரிக்கக் காணொளியில் "91 ஊற்றுங்கள்" என்றால், அது நம் ரோன்95-க்கு அருகில் வரும் ரகம்.

குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் கேமரன் மலையோ கெந்திங்கோ ஏறும்போது நாக்கிங் சத்தம் கேட்டால், ஒரு தடவை 97 ஊற்றிப் பாருங்கள். இரண்டும் தொட்டியில் கலந்தால் தீங்கில்லை. ஆனால் 97 ஊற்றிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் பட்டறைக்குப் போங்கள். அப்போது கோளாறு பெட்ரோலில் இல்லை.

இன்னும் இரண்டு நம்பிக்கைகள்

"97 இஞ்சினைக் கழுவிவிடும்" என்பார்கள். சுத்தம் செய்வது பெட்ரோலில் சேர்க்கும் துப்புரவு மருந்து. அதற்கும் ஆக்டேன் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் 95-இலும் அதைச் சேர்க்கின்றன. மேலும், நேரடியாக இஞ்சின் அறைக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை இஞ்சின்களில், காற்று வரும் வால்வுகளைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. தொடாத இடத்தை எந்தப் பெட்ரோலும் கழுவ முடியாது.

இரண்டாவது, 97 ஊற்றிவிட்டால் சிறிய டர்போ இஞ்சினுக்கு வேறு கவனிப்பு வேண்டாம் என்ற நினைப்பு. இந்த இஞ்சின்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. குறைந்த சுழற்சியில் மிதியைப் பலமாக அழுத்தும்போது, பொறி வைப்பதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். இதில் இஞ்சின் எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தடுக்கும் வகையில் 2020-இல் வந்த தரம் ஏ.பி.ஐ. எஸ்.பி. உங்கள் கையேடு கேட்கும் தரத்தை இஞ்சின் எண்ணெய்ப் போத்தலில் சரிபார்த்து, காலம் தவறாமல் மாற்றுங்கள். பெட்ரோலில் மிச்சமாகும் 133 ரிங்கிட்டில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் வண்டிக்கு உண்மையாகவே ஆயுள் கூடும்.

மிச்சம் எங்கே இருக்கிறது?

வேகத்தில். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். நெடுஞ்சாலையில் 110-இல் போவதற்குப் பதில் 130-இல் போனால் காற்றுத் தடை ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுகிறது. உயரமான எஸ்.யூ.வி.க்கு இது இன்னும் கனமாகத் தெரியும். அதோடு 130 சட்டப்படியும் குற்றம்.

டர்போவை எழுப்பும் கால் பழக்கத்தில். மிதியை மெதுவாக அழுத்தினால் 1.5 லிட்டர் இஞ்சின் 1.5 லிட்டர் இஞ்சினாகவே நடந்துகொள்ளும். சிக்னல் விழுந்ததும் சீறினால் பெரிய இஞ்சின்போலக் குடிக்கும்.

காத்திருப்பில். பள்ளி வாசலில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு நின்றால், மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். தினம் அரை மணி நேரம் என்றால் மாதத்துக்குச் சுமார் 11 லிட்டர். ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் போன பெட்ரோல் அது. மர நிழலில் கண்ணாடியை இறக்கிவிட்டு நிற்க முடிந்தால் நில்லுங்கள்.

டயர் காற்றில். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் சூடாவதற்கு முன், மாதம் இரு முறையாவது சரிபாருங்கள்.

எதையும் நம்புவதற்கு முன் நீங்களே அளந்து பாருங்கள். தொட்டியை நிரப்பும்போது குழாய் தானாக நின்றதும் நிறுத்துங்கள். ஓடிய தூரக் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே நிலையத்தில், அதே குழாயில், அதேபோல நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை 100-ஆல் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் உண்மையான கணக்கு கிடைக்கும். 95-இல் மூன்று தொட்டி, 97-இல் மூன்று தொட்டி, வழக்கமான அதே பாதையில். ஒரே ஒரு தொட்டியை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு நாள் மழை, ஒரு நாள் நெரிசல் போதும், கணக்கு மாறிவிடும்.

சகோதரிக்கு என் பதில் இதுதான். மூடியில் 95 என்று இருந்தால், அடுத்த முறையிலிருந்து தயங்காமல் 95 ஊற்றுங்கள். உங்கள் கணவரின் பயத்தைக் கேலி செய்ய வேண்டாம். வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறைதான் அது. அந்த அக்கறையை இஞ்சின் எண்ணெய் பக்கம் திருப்பிவிடுங்கள். ஆறு தொட்டிக் கணக்கை அவரையே ஒரு சிறு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எண்கள் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

அடுத்த வாரம் டயர் பற்றிப் பேசுவோம். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண் என்ன சொல்கிறது என்பதை அதற்குள் ஒரு முறை பார்த்து வையுங்கள்.