மீன் தொட்டியில் பச்சை படர்ந்தால்

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் நம் பிள்ளைகள் கேட்கும் பொருட்களுள் மீன் தொட்டியும் ஒன்றாகிவிட்டது. வாப்பா வாங்கித் தருகிறார். பிள்ளை இரண்டு வாரம் அதன் முன்னாலேயே அமர்ந்திருக்கிறது. மூன்றாம் வாரம் கண்ணாடியில் பழுப்பும் பச்சையுமாக ஏதோ படர்கிறது. அன்றிலிருந்து அந்தத் தொட்டி உம்மாவின் வேலையாகிவிடுகிறது. அவர் மீன்களை ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்து, நீர் முழுவதையும் கொட்டி, கற்களைச் சோப்புத்தூள் இட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய்நீரை நிரப்பி மீன்களை மீண்டும் விடுகிறார். தொட்டி பளிச்சென்று இருக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் மீன்கள் மல்லாந்து மிதக்கின்றன. "அழாதே, வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்று பிள்ளையைத் தேற்றுகிறோம்.

இந்த இறுதிச் சொல்லே நம்மை உறுத்துகிறது. செத்தால் இன்னொன்று என்னும் கணக்கைப் பிள்ளையின் மனத்தில் நாமே எழுதிவிடுகிறோம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளியாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியை மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளையும் அறியும். ஆற்று மீன் நீர் கெட்டால் வேறிடம் நோக்கி நீந்திவிடும். தொட்டி மீனுக்குப் போக்கிடம் இல்லை. சிறுவர் அபூ உமைரிடம் அவர் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு வினவிய செய்தியைக் கொண்டு, உயிரினங்களை வீட்டில் வைத்து வளர்ப்பது ஆகும் என்று அறிஞர்கள் கூறினார்கள். அவற்றின் உணவிலும் நலத்திலும் குறை வைக்கலாகாது என்னும் நிபந்தனையையும் உடன் சேர்த்தே கூறினார்கள்.

மேலே சொன்ன மீன்கள் பாசியால் சாகவில்லை, கழுவியதால் செத்தன. மீனின் கழிவும் தின்னாமல் எஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகின்றன. அம்மோனியா மீனின் செவுளை அரிக்கும் நஞ்சு. கற்களிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்ப் பெரிதும் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். சோப்புத்தூளும் குளோரின் கலந்த குழாய்நீரும் அவற்றை ஒரே காலையில் அழித்துவிடுகின்றன. சோப்பின் எச்சம் மீனுக்கும் நேரடியாகவே கேடு. மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் ஃபில்டர் மோட்டாரை நிறுத்திவிடுவோரும் பலர். நீரோட்டம் நின்றால் உயிர்வளி கிடைக்காமல் அந்நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். சிறிய மோட்டார் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பமே.

பாசி வளர ஒளியும் உணவும் போதும். சன்னலோரத்து வெயிலும் இரவு பகலாக எரியும் விளக்கும் ஒளியைத் தருகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உணவாகின்றன. இவை பெரும்பாலும் நாம் அளவின்றிப் போடும் தீனியிலிருந்தே வருகின்றன. வீட்டுக்கு வரும் விருந்தாளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் கணக்கு என்னவாகும்? ஆகவே சுரண்டுவதற்கு முன் தொட்டியை வெயில் படாத சுவரோரம் நகர்த்த வேண்டும். விளக்கை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி இட வேண்டும். புதுத் தொட்டியில் தோன்றும் பழுப்புப் படலம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறைந்துவிடும்; அதற்கு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. பாசிக்கொல்லி மருந்தை ஊற்றினால் பாசி மொத்தமாகச் செத்து அழுகி, நீரில் உள்ள உயிர்வளியைக் குடித்துவிடும்.

நீர் மாற்றும் முறையும் எளிதே. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி ஏறக்குறைய 55 லிட்டர் கொள்ளும். வாரம் ஒரு முறை அதில் கால் பங்கு, அதாவது ஒரு வாளிக்குச் சற்றே குறைவாக எடுத்தால் போதும். எடுத்த அந்த நீரிலேயே ஃபில்டர் பஞ்சை இலேசாகப் பிழிந்து கழுவுக, குழாயடியில் வேண்டா. புதிய நீரை முந்திய நாளே வாளியில் திறந்து வைத்தால் குளோரின் அகன்றுவிடும். அறையின் சூட்டுக்கும் வந்துவிடும். வற்றிய அளவுக்கு மட்டும் நீர் சேர்த்துவந்தால் அது நீர் மாற்றியதாகாது. ஆவியாகிப் போவது தூய நீர். உப்பும் கழிவும் தொட்டியிலேயே தங்கிக் கூடிக்கொண்டே போகின்றன. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் கண்ணாடியின் மேல்விளிம்பில் காணும் வெள்ளைக் கோடு அந்த உப்புதான். எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டா. கறிவேப்பிலைக்கும் மருதாணிக்கும் அது நல்ல உரம்.

முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, பின்பக்கத்துப் பச்சையை விட்டுவைக்கலாம் என்பது நம் கருத்து. மீன்கள் அதனைக் கொறிக்கும். கழிவின் ஒரு பங்கை அது உறிஞ்சவும் செய்யும். பாசியை நஜீஸைப் போல அருவருப்போர் ஃபிக்ஹு நூல்களில் தூய்மைப் பாடத்தின் தொடக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். பாசியால் நிறம் மாறிய நீர், தவிர்ப்பதற்கு அரியது என்பதால் தன் தூய்மையை இழப்பதில்லை என்று அங்கே இருக்கும். நம் முன்னோர் பள்ளிவாசல் ஹவுளில் மீன்களை விட்டு வைத்திருந்தார்கள். ஓரத்துப் படிகளில் பாசி இருக்கும். வழுக்காமல் இறங்குவதில்தான் அவர்களின் கவனம் இருந்தது. மீன் தொட்டி நீரில் ஒளூச் செய்யச் சொல்கிறோம் என்று எவரும் புறப்பட்டுவிட வேண்டா.

பாசியைத் தின்னும் என்று சொல்லிக் கடைகளில் விரலளவு சக்கர் மீனைக் கொடுப்பார்கள். அது தென்னமெரிக்க மீன். ஓரடிக்கு மேல் வளரும். தான் தின்னும் பாசியைவிட அதிகம் கழிவிடும். தொட்டி கொள்ளாதபோது இரக்கப்பட்டு ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு விடப்பட்டவை தமிழகத்து நீர்நிலைகளில் பெருகி, கரையில் வளை தோண்டி, மீனவர் வலைகளைத் தம் முள்ளால் கிழித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றன் மீது காட்டிய இரக்கம் ஊர்ப்பொது நீருக்குத் தீங்காகிவிடுகிறது. இயலாதவர்கள் கடைக்கே திருப்பிக் கொடுக்கட்டும், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் ஒப்படைக்கட்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் தீனி டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டா. வளர்ந்த, நலமான மீன்கள் நான்கைந்து நாட்கள் தீனியின்றியே தாங்கும். அதற்கு மேலானால் ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று காகிதத்தில் மடித்து, கிழமையையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். மடித்து எழுதும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.