குழாய் வந்தாச்சு, தண்ணி எங்கே?

எங்க கல்லூரியில் இப்போ ஒரு புது ஆசை கிளம்பியிருக்கு. லீவில் நேபாளமோ கென்யாவோ போய், ஒரு பள்ளிக்கூடத்துக்கு சுத்தமான குடிநீர் ஏற்பாடு செஞ்சுட்டு வரணுமாம். "நீயும் வர்றியாடா?"ன்னு நண்பன் கேட்டான்.

தப்பான ஆசை இல்லைங்க. 2021ல் உலகத்துப் பள்ளிகளில் 71 சதவீதத்தில்தான் அடிப்படைக் குடிநீர் வசதி இருந்ததுன்னு ஐ.நா. கணக்கு சொல்லுது. ஆனாலும் உடனே "சரி"ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஏன்னா, அப்படி வெளிநாட்டுக்காரங்க வந்து தண்ணி கொடுத்த பள்ளியில்தான் நான் படிச்சேன்.

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் எங்க ஊர். நான் அஞ்சாவது படிக்கும்போது பத்துப் பன்னிரண்டு பேர் வந்தாங்க. ரெண்டு வாரம் தங்கி, மேடை கட்டி, தொட்டி வச்சு, ஃபில்டர் மாட்டி, வரிசையா நாலு குழாய் போட்டாங்க. நல்ல மனுஷங்க. எங்களோட சேர்ந்து மண் சுமந்தாங்க. கடைசி நாள் மாலை, மிட்டாய், போட்டோ. அந்தக் குழாயில் முதல் முதலா தண்ணி குடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆறே மாசம். ஃபில்டருக்குள்ள இருந்த கேண்டில் உடைஞ்சது. அந்த அளவு கேண்டில் கொடைக்கானல்லயும் கிடைக்கலை, வத்தலக்குண்டுலயும் கிடைக்கலை. யார் வாங்கணும், எந்தக் காசுல வாங்கணும்னும் யாரும் பேசி வைக்கலை. சத்துணவு அக்கா மறுபடி குடத்தோட ஓடைக்கு நடந்தாங்க. அந்த ரெண்டு வாரத்துல அவங்ககிட்ட யாருமே ஒரு வார்த்தை கேட்கலைங்கறது எனக்கு இப்பத்தான் உறைக்குது. அந்தப் பள்ளியில் தண்ணியைப் பத்தி அதிகம் தெரிஞ்சவங்களே அவங்கதான்!

இது எங்க ஊருக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 1960களில் பஞ்சம் வந்தப்போ நாட்டுல நிறைய ஆழ்துளைக் கிணறு போட்டாங்க. ஒரு வீட்டுக்குன்னு செஞ்ச வார்ப்பிரும்பு பம்பை ஊருக்கே பொதுவா வச்சா தாங்குமா? பாதிக்கு மேல கெட்டுப் போச்சு. அப்புறம் சோலாப்பூர்ல உருவான ஒரு பம்பை வச்சு, கோயமுத்தூர் பக்கம் சோதிச்சு, 1970களில் 'இந்தியா மார்க் 2' வந்தது. நம்ம தெருமுனை அடிபம்புதான் அது. இங்கேயே செய்யலாம், லேசுல தேயாது. அதனாலதான் அது நிலைச்சது, ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சு.

இன்னொரு விஷயம். 2020 அக்டோபர் 2ல், நூறு நாளில் எல்லாப் பள்ளிக்கும் குழாய்த் தண்ணின்னு மத்திய அரசு ஒரு இயக்கம் தொடங்கிச்சு. எங்க பள்ளிக்கும் குழாய் வந்துச்சு. ஆனா ஏப்ரல்ல மேல ஓடை வத்திட்டா குழாய் காத்தைத்தான் துப்பும்.

ஓடை ஏன் வத்துது? பழனி மலையின் புல்வெளியும் சோலையும் பஞ்சு மாதிரி. மழையைக் குடிச்சு வச்சுக்கிட்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமா விடும். 1973ல் இருந்து 2014க்குள்ள அந்தப் புல்வெளியில் மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு செயற்கைக்கோள் படங்களை வச்சு 2018ல் ஒரு ஆய்வு வந்தது. அதே காலத்துல வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மாதிரி நட்ட மரக்காடு 18 சதுர கிலோமீட்டர்ல இருந்து 217 ஆச்சு. விவசாயமும் பெருகுச்சு. மேல பஞ்சைப் பிய்ச்சுட்டு கீழ ஃபில்டர் மாட்டி என்ன பிரயோஜனம், சொல்லுங்க?

அதுக்காக யாரும் எங்கேயும் போகக் கூடாதுன்னு சொல்லலை. போறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. நாம கிளம்பின பிறகு ஃபில்டரை யார் கழுவுவாங்க? உடைஞ்சா சாமான் பக்கத்து ஊர்ல கிடைக்குமா? கோடையில் தண்ணி எங்கிருந்து வரும்? மூணுக்கும் பதில் இருந்தா தாராளமா போங்க. இல்லைன்னா நாம விட்டுட்டு வர்றது ஒரு சிமெண்ட் மேடையைத்தான். எங்க பள்ளியில் அது இன்னும் இருக்கு. பசங்க அதுல உட்கார்ந்துதான் சாப்பிடுறாங்க.

நண்பன்கிட்ட சொல்லியிருக்கேன்: "கென்யா இருக்கட்டும்டா. மே மாச லீவுக்கு எங்க ஊருக்கு வா. எதுவும் கட்ட வேண்டாம். அக்காவோட ஓடை வரைக்கும் ஒரு தடவை குடம் தூக்கிட்டு நடந்து பாரு. அப்புறம் பேசலாம்."

யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கான். பார்ப்போம்!