வடையை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம்?

சேஃபெர்ட் 1, சேஃபெர்ட் 2, குவாசர், பிளேசார், ரேடியோ விண்மீன் மண்டலம் என்று நம் மாணவர்கள் மளமளவென்று ஒப்பிப்பார்கள். ‘இவற்றுக்குள் என்ன உறவு?’ என்று கேட்டால் அமைதிதான். இந்தப் பட்டியல் பாடத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. மையத்திலுள்ள பெரும் கருந்துளையை நோக்கி விழும் வாயு, சூடேறி ஒளிர்கிறது. அதைச் சுற்றித் தூசு வளையம். உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் நடு ஓட்டை தெரியும், பக்கவாட்டில் தெரியாது. மையம் தெரிந்தால் சேஃபெர்ட் 1. மறைந்தால் சேஃபெர்ட் 2.

இதற்குச் சான்று மெஸ்ஸியே 77. நவம்பர், டிசம்பர் இரவுகளில் பெட்டாலிங் ஜெயாவின் உச்சிக்கு மிக அருகே அது கடந்து செல்கிறது. நகர வெளிச்சத்தில் நமக்குத்தான் தெரிவதில்லை. அது இரண்டாம் வகை. ஆனால் 1985-இல் அன்டோனுச்சியும் மில்லரும், மையத்திலிருந்து கிளம்பி வளையத்துக்கு வெளியே பட்டுச் சிதறிய ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, முதல் வகைக்கே உரிய அகன்ற நிறமாலைக் கோடுகள் அதில் இருந்தன.

ரேடியோ வகைகளிலும் கோணமே பேசுகிறது. மூங்கில் கழியை நம்மை நோக்கி நீட்டினால் குட்டையாகத் தெரியும். அதனால் நீளத்தை அளப்பது முக்கியம். உதகையில் 1970-இல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி, நிலா மறைக்கும் தருணங்களைக் கொண்டு ஏராளமான ரேடியோ மூலங்களின் அளவைக் கண்டறிந்தது. 1989-இல் பீட்டர் பார்தெல், குவாசர்கள் ரேடியோ மண்டலங்களைவிடக் குட்டையாகத் தெரிவதைக் காட்டி, இரண்டும் ஓரினமே என்று வாதிட்டார். மையத்திலிருந்து பீறிடும் தாரை நேரே நம்மை நோக்கினால் அது பிளேசார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் எதிரே வரும் கார் விளக்கைப் போலக் கண் கூசும்.

ஆனாலும் கோணமே எல்லாம் என்று சொல்லிவிட்டால், அது இன்னொரு மனப்பாடமாகிவிடும். மார்க்கேரியன் 1018, 1980களில் 1.9 என்ற இடைவகையிலிருந்து முதல் வகைக்கு மாறி, 2015-இல் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. முப்பது ஆண்டில் ஒரு விண்மீன் மண்டலம் திரும்பிப் படுத்துவிடாது. கருந்துளைக்குக் கிடைத்த தீனி குறைந்துவிட்டது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். சிலவற்றில் மட்டும் வலிய தாரை இருப்பதையும் கோணத்தால் விளக்க முடியாது.

ஆகவே ஆசிரியர்களே, பெயரைக் கேட்காதீர்கள். எந்தக் கோணம், எவ்வளவு தீனி, தாரை உண்டா என்று கேளுங்கள். பெயர்கள் தானாக வந்து சேரும்.