பிரிக்காத பெட்டியில் என்ன இருக்கிறது?

டாவ்ரோஸுக்கு ஒரு கைதான். பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வளர்ந்த பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். தொடரின் வில்லன்களான டாலெக்குகளைப் படைத்த அந்த விஞ்ஞானி 1975இல் முதன்முதலாகத் திரைக்கு வந்ததே ஒற்றைக் கையோடுதான். ஆனால் தொடரின் வெள்ளி விழா ஆண்டான 1988ஐ ஒட்டி டாபோல் நிறுவனம் தொடங்கிய பொம்மை வரிசையில் அவனுக்கு இரண்டு கை முளைத்திருந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஓடிய கே-9 என்ற இயந்திர நாய், பொம்மையில் பச்சை. தொடரின் நாயகனான டாக்டரின் கால வாகனம் டார்டிஸுக்குள் ஆறு பக்கங்களோடு நிற்கும் இயக்கு மேசைக்கு, பொம்மையில் ஐந்தே பக்கம். டாபோல் பொம்மை ரயிலுக்குப் பெயர்போன நிறுவனம். ரயிலில் இத்தனை பிழை விட்டிருந்தால் வாடிக்கையாளர்கள் சும்மா இருந்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

சிரித்துவிட்டு நகர வேண்டிய சங்கதி இது. ஆனால் பழம்பொருள் சேர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முகம் மாறிவிடும். ‘ஃபேக்டரியிலேயே தப்பாக வந்த பீஸ், அட்டைகூடப் பிரிக்கவில்லை, இன்னும் பத்து வருஷம் போகட்டும்’ என்பார்கள். பழைய தொடரின் பொம்மை என்றால் பணம், பெட்டி பிரிக்காத பொம்மை என்றால் பெரும்பணம், பிரித்து விளையாடியவன் ஏமாளி. அறிவியல் புனைவு ரசிகர்களிடையே உலகம் முழுக்க வேரூன்றிவிட்ட நம்பிக்கை இது. பரண்மேல் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் பலவும் இதை நம்பித்தான் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கின்றன.

நம்பிக்கை எங்கே பிறந்தது என்று பார்த்தால் அதன் ஓட்டையும் தெரிந்துவிடும்.

1963 டிசம்பரில் டாலெக் முதன்முதலாக பிபிசி திரையில் தலைகாட்டியது. மிளகுத்தூள் குப்பியை ஆள் உயரத்துக்கு வளர்த்து, கழுவுதொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர் கோலைக் கையாகச் செருகிய உருவம். பிள்ளைகள் பயந்தார்கள், பயந்துகொண்டே இன்னும் வேண்டும் என்றார்கள். அடுத்த இரண்டு கிறிஸ்துமஸ்களிலும் பிரிட்டிஷ் கடைகளில் டாலெக் மயம். லூயிஸ் மார்க்ஸ் நிறுவனம் பேட்டரியில் ஓடி, முட்டினால் தானே திரும்பும் டாலெக்கை விற்றது. பெர்விக் நிறுவனம், பிள்ளைகளே உள்ளே நுழைந்து டாலெக்காகத் திரியும் உடுப்பை விற்றது. டாலெக்கைச் செயலிழக்கச் செய்யும் திரவக் கருவி என்று நீட்டி முழக்கிய பெயரில் ஒரு பொம்மை வந்தது. வேறொன்றுமில்லை, தண்ணீர்த் துப்பாக்கி.

இந்தப் பண மழையில் நனைந்தது யார்? டாலெக் கதையை எழுதிய டெர்ரி நேஷன் உரிமையில் பங்கைக் கையில் வைத்திருந்ததால் செல்வந்தரானார். அந்த உருவத்தை வரைந்து வடிவமைத்த ரேமண்ட் குசிக் பிபிசியின் மாதச் சம்பளக்காரர். அவருக்குக் கிடைத்த வெகுமதி நூறு பவுண்டு அளவில் நின்றுபோனது. பொம்மை வணிகத்தின் காசு எப்போதும் உரிமை வைத்திருப்பவரிடமும் விற்பவரிடமும்தான் தங்கும். வடிவமைத்தவருக்கே வராத லாபம், கடையில் முழு விலை கொடுத்து வாங்கியவரைத் தேடி ஒருநாள் வரும் என்று காத்திருப்பதுதான் வேடிக்கை.

1965இன் பொம்மைகள் இன்று அரிதாகிப்போனதற்குக் காரணம் எளிது. யாரும் அவற்றைப் பத்திரப்படுத்தவில்லை. டாலெக் உடுப்பை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் தெருவில் ஓடினார்கள், அது கிழிந்தது. தண்ணீர்த் துப்பாக்கி விரிசல் விட்டுக் குப்பைக்குப் போனது. லட்சம் பொம்மை உடைந்த பிறகு மிஞ்சிய சிலவற்றுக்குத்தான் ஏலத்தில் கை உயர்கிறது. அந்த விலையைப் பார்த்துவிட்டு அடுத்த தலைமுறை எல்லாவற்றையும் பெட்டியோடு பூட்டி வைத்தது. எல்லோரும் பூட்டி வைத்தால் எது அரிது?

அமெரிக்காவின் ‘ஸ்டார் ட்ரெக்’ இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. மூலத் தொடர் 1966 முதல் 1969 வரை 79 அத்தியாயங்களோடு முடிந்துவிட்டது. மறுஒளிபரப்பில் அது உயிர்பெற்ற பிறகு, 1974இல் மீகோ நிறுவனம் எட்டு அங்குலப் பொம்மைகளைக் கொண்டுவந்தது. துணிச் சட்டை போட்ட கிர்க்கும் ஸ்பாக்கும் மணலில் புதைந்தார்கள், குளியல் தொட்டியில் மூழ்கினார்கள். கடைசியாக வந்த வேற்றுக்கிரகவாசிகள் சிலரைச் சேர்ப்பவர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள்.

1992இலிருந்து பிளேமேட்ஸ் நிறுவனம் விற்ற, பின்னாளைய ஸ்டார் ட்ரெக் தொடரான ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பொம்மைகளின் கதையே வேறு. ஒவ்வொன்றின் பாதத்திலும் வரிசை எண் அச்சிடப்பட்டிருந்தது. எண் இருந்தால் அரிதுதானே என்று பெரியவர்கள் இரண்டிரண்டாக வாங்கினார்கள், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பரணுக்கு. இப்போது பழம்பொருள் சந்தைகளில் அட்டை கசங்காத பிளேமேட்ஸ் பொம்மைகள் கூடை கூடையாகக் கிடக்கின்றன. எண் ஆயிரத்தைத் தாண்டினாலும் எண்தான் என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை. வெறும் 1701 மட்டுமே தயாரித்த பிக்கார்ட் பொம்மை போன்ற ஓரிரண்டு விதிவிலக்குகள் உண்டு. அவற்றை அன்று கடையில் பார்த்தவர்களே சொற்பம்.

‘ஏலச் செய்திகள் பொய்யா?’ என்று கேட்பார்கள். பொய் இல்லை. 2006 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் எண்டர்பிரைஸ்-டி விண்கலம் 5,76,000 டாலருக்குப் போனது உண்மை. ஆனால் அது படப்பிடிப்புக்கென்று கையால் செய்து, கேமரா முன் நின்ற மாதிரி. அச்சில் வார்த்துக் கடைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்குக்கும் அதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. கோயில் தேரையும் திருவிழாக் கடையில் விற்கும் சப்பரப் பொம்மையையும் ஒரே தராசில் வைக்கிற கணக்கு இது. இணையச் சந்தையில் கண்ணில் படும் விலைகளோ, விற்பவர் கேட்கும் விலைகள். மாதக்கணக்கில் அதே விலையில் அதே பொம்மை அங்கேயே கிடப்பதைப் பட்டியலைப் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை.

சரி, விலையை விடுவோம். பூட்டி வைத்தால் பொருளாவது பிழைக்குமா?

1970களின் நடுவில் பாலிடாய் நிறுவனம் ஒரு பேசும் டாலெக்கை விற்றது. தலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டி இசைத்தட்டு சுழன்று கரகரத்த குரலில் மிரட்டும். அப்படி ஒன்றை எடுத்து அடிமூடியைக் கழற்றினால், உள்ளேயே மறந்துவிட்ட பழைய பேட்டரி பொங்கிக் கசிந்து, தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். பொத்தானை அழுத்தினால் சத்தம் வராது. மீகோ பொம்மைகளின் கைகால்களை உள்ளே இழுத்துப் பிடித்திருப்பது எலாஸ்டிக். பெட்டி பிரிக்காவிட்டாலும் அது தளரும், அறும். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறும். வினைல் பாகங்களில் மென்மைக்காகச் சேர்த்த வேதிப்பொருள் மெல்ல வெளியேறிப் பிசுபிசுக்கும். அட்டையில் ஒட்டிய கண்ணாடித்தாள் குமிழி மஞ்சளாகி வெடிக்கும். காலம் பெட்டியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னால் சேர்ப்பதையே வேண்டாம் என்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். சேர்க்கட்டும், தாராளமாக. வெறும் ஐந்து பக்க மேசைக்காகவும் பச்சை நாய்க்காகவும் ஒருவர் டாபோல் பொம்மைகளைத் தேடினால் அதைவிட நல்ல காரணம் இல்லை. இரட்டைக் கை டாவ்ரோஸை வெளியே எடுத்து அலமாரியில் நிறுத்தி, வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம். வருமானத்துக்கான வழி என்று அதை வாங்குவதுதான் தவறு.

உண்மையில் ‘டாக்டர் ஹூ’ ரசிகர்கள் காப்பாற்றிய மிகப் பெரிய செல்வத்துக்குப் பெட்டியும் இல்லை, விலைச்சீட்டும் இல்லை. 1960களில் ஒளிபரப்பான 253 அத்தியாயங்களில் பலவற்றை பிபிசியே பின்னாளில் அழித்துவிட்டது. நாடாவை மறுபடி பயன்படுத்தலாம், பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சியை இனி யார் கேட்பார்கள் என்ற கணக்கு. சில அத்தியாயங்கள் வெளிநாட்டு நிலையங்களில் கிடைத்தன. தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பல பதிற்றாண்டுகள் தேடியும் அகப்படவில்லை. ஆனால் ஒலி மட்டும் முழுசாக இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, மறுபடி கேட்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் பதிந்து வைத்த ரசிகர்கள் கொடுத்தது அது. அந்தக் கதைகளை 1973இலிருந்து டார்கெட் பதிப்பகம் மலிவுப் பதிப்பு நாவல்களாக்கியது. மறுஒளிபரப்பு அரிதாக இருந்த காலத்தில் பிள்ளைகள் தொடரை மீண்டும் ‘பார்த்தது’ முனை மடங்கிய அந்தப் புத்தகங்களில்தான்.

ஆறு அத்தியாயங்களும் தொலைந்துபோன ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையை 2016இல் பிபிசி அசைபடமாக மீண்டும் உருவாக்கியது. ஓவியங்கள் புதியவை. டாலெக்கின் குரலும் டாக்டரின் குரலும் 1966இல் ஏதோ ஒரு வீட்டு முன்னறையில் பதிவானவை.