கவருக்குள் ஒரு கோபுரம்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலை கேட்டு வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் என்று மழைக்கும் வியர்வைக்கும் பயந்து எல்லாம் அதற்குள்ளே பத்திரமாக இருக்கும். அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரு வட்டமான படம். பின்னால் கோபுரம், முன்னால் சிங்கங்கள், இரண்டு பக்கமும் தேசியக் கொடி, சுற்றிலும் எழுத்து. தமிழ்நாடு அரசின் முத்திரை. அது இருந்தால் தாள் செல்லும். அதற்கு மேல் யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை.

உற்றுப் பார்த்தால் விஷயம் நிறைய இருக்கிறது. இதை வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ண ராவ். ஆண்டு 1949. அப்போது மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். சிங்கங்கள் சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் உச்சியில் இருப்பவை. தெரிவது மூன்று, நான்காவது முதுகுப் பக்கம் மறைந்து நிற்கிறது. 2,200 வருடங்களுக்கு மேல் பழைய பௌத்தச் சிற்பத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கோபுரத்தைக் கொண்டுபோய் வைத்தது கிருஷ்ண ராவின் கைவேலை.

எந்தக் கோபுரம் என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை. பெரும்பாலோர் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் பிறந்த ஊரின் 11 நிலைக் கோபுரம். இல்லை, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாக ஓவியரே சொல்லியிருக்கிறார் என்று மறுப்பவர்களும் உண்டு. இரண்டு ஊர்க்காரர்களும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, கொடுக்கவும் வேண்டாம்.

மதச்சார்பற்ற அரசுக்குக் கோபுரம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு திருப்பூரின் தொழிலாளர் விடுதிகளிலேயே ஒரு பதில் கிடைக்கும். அங்கே தங்கியிருக்கும் ஒடிசா பையனின் சான்றிதழில் கோனார்க் சூரியக் கோயிலின் குதிரையும் வீரனும் இருக்கும். பீகார்க்காரர் தாளில் போதி மரம். உத்தரப் பிரதேசத்துக்காரர் தாளில் இரண்டு மீன்கள், ஒரு வில், கங்கையும் யமுனையும் கலக்கும் இடம். ஒவ்வொரு மாநிலமும் தன் மண்ணில் கண்ணுக்கு முதலில் படுவது எதுவோ அதை எடுத்துப் போட்டுக்கொண்டது. உலகம் முழுக்கவும் இதே கதைதான். பாரீஸ் நகரச் சின்னத்தில் இருப்பது ஒரு படகு. சேன் நதியில் சரக்கு ஏற்றிப் பிழைத்த படகு வணிகர் சங்கத்தின் முத்திரை, அப்படியே தலைநகரத்தின் சின்னமாகிவிட்டது. அலை அடித்தாலும் மூழ்காது என்பது அதன் வாசகம். நூல் விலை ஏறும்போதெல்லாம் திருப்பூர்க்காரர்களுக்கும் பொருந்துகிற வாசகம்தான்.

தமிழ்நாட்டில் பஸ்ஸில் போகும்போது ஊர் வருவதற்கு முன்பே கண்ணில் படுவது கோபுரம். அது கோயிலின் கருவறை அல்ல, வாசல். அரசாங்கத் தாளின் தலையில் ஒரு வாசல் இருப்பதில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

கொடிகளுக்கு வருவோம். இங்கேதான் திருப்பூருக்கு அந்த வட்டத்துக்குள் உரிமை வருகிறது.

1932 ஜனவரி தொடக்கத்தில் காந்தி கைது செய்யப்பட்டார். நாடெங்கும் மறியல், ஊர்வலம். ஜனவரி 10 அன்று திருப்பூரிலும் தடையை மீறி ஒரு சிறு கூட்டம் கொடியோடு கிளம்பியது. அதில் சென்னிமலையில் பிறந்த குமரனும் ஒருவர். வயது 27. போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போனது. இன்று திருப்பூரின் முக்கியமான கடைவீதிக்கு அவர் பெயர். குமரன் ரோட்டில் நெரிசலைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டுகிற பலருக்கு அவர் கையில் இருந்த கொடி இன்றைய கொடி அல்ல என்பது தெரிந்திருக்காது. அதன் நடுவில் ராட்டை இருந்தது. நூல் நூற்கும் ராட்டை! 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றபோதுதான் ராட்டையின் இடத்துக்கு அசோகச் சக்கரம் வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து அந்தக் கொடி முத்திரைக்குள் ஏறியது. குமரன் இருந்திருந்தால் அப்போது வயது 45 கூட நிறைந்திருக்காது.

அதே ஊரில் இன்று துணியில் படம் அச்சடிப்பது பெரிய தொழில். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போட்டு, ஆர்டர் கொடுப்பவர் கேட்கும் கரடி, கழுகு, கிரீடம் எதுவானாலும் டி-ஷர்ட்டின் நெஞ்சில் இறக்கிவிடுவார்கள். இந்த வட்டத்தை மட்டும் தொட முடியாது. மத்திய, மாநில அரசுகளின் சின்னங்களை அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1950-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. கொடிக்கும் தனிச் சட்டம் உண்டு. இடுப்புக்குக் கீழே உடுத்தும் துணியிலும், கைக்குட்டையிலும், உள்ளாடையிலும் அதை அச்சடிக்கக் கூடாது. உள்ளாடைக்குப் பேர்போன ஊர் இந்த விதியைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, சுற்றியிருக்கும் எழுத்து. கீழே ‘வாய்மையே வெல்லும்’. முதலில் அங்கே முண்டக உபநிஷத்தின் ‘சத்யமேவ ஜயதே’ இருந்தது. தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு அதே பொருள் தமிழில் ஏறியது. மேலே ‘தமிழ்நாடு அரசு’. இந்தப் பெயருக்கும் ஓர் உயிர் விலை போயிருக்கிறது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்படப் பல கோரிக்கைகளோடு 1956-ல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்தார் தியாகி சங்கரலிங்கனார். காந்தி வழி வந்தவர், வயதானவர். இரண்டு மாதத்துக்கு மேல் உண்ணாமல் இருந்து அக்டோபர் 13 அன்று இறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்தான் சரி என்றால், முத்திரையின் கோபுரமும் அதன் பெயருக்காகப் போன உயிரும் இன்றைய ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை.

அவர் இறந்து 11 வருடம் கழித்து, 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1968-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் தமிழ்நாடு.

வீட்டு பீரோவில் தாத்தா, பாட்டியின் பழைய பள்ளிச் சான்றிதழோ நிலப் பத்திரமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய தாளில் ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்றுதான் இருக்கும். பேரப்பிள்ளையின் மார்க் ஷீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.