பூட்ட மறந்ததும் பூட்டியதை மறந்ததும்

நான் உத்தியோகத்திற் சேர்ந்து ஆறு மாதங்கூட ஆகாத காலம். ஒருநாட் காலை எங்கள் கந்தோரில் அலுமாரியொன்று திறந்தபடி கிடந்தது. உள்ளே இருந்த கோவையொன்றைக் காணவில்லை. முதல்நாள் மாலை கடைசியாக வெளியேறியவன் நான். திறப்பும் என்னிடமே இருந்தது. உடனே எழுத்துமூலம் விளக்கந் தரும்படி மேலதிகாரி கட்டளையிட்டார். விளக்கம் ஆங்கிலத்தில் அமைதல் வேண்டும்.

அலுமாரியைப் பூட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆகவே சிறிதுந் தயங்காமல், 'ஐ ரிமெம்பர் டு லொக் த கபேட்' என்று எழுதிப் பிரதம இலிகிதரிடம் நீட்டினேன். முதியவரான அவர் அதை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, அலுமாரியைப் பூட்ட நான் மறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர். நல்ல பழக்கந்தான். ஆனால், நேற்று மாலை பூட்டினீரா, இல்லையா? அதற்கு இதிலே விடையில்லையே!"

"பூட்டினேன் ஐயா. அதைத்தானே எழுதியிருக்கிறேன்!"

அவர் மறுமொழி கூறவில்லை. 'டு லொக்' என்பதை வெட்டிவிட்டு, 'லொக்கிங்' என்று எழுதினார். அவ்வளவுதான். 'பூட்ட மறப்பதில்லை' என்றிருந்த வாக்கியம், 'பூட்டியது எனக்கு நினைவிருக்கிறது' என்று மாறிவிட்டது. மற்றொரு திறப்பை வைத்திருந்த ஒருவர் அதிகாலையில் வந்து கோவையை எடுத்துச் சென்றமை பிற்பகலில் வெளியாயிற்று. எனினும், என் முதல் வாக்கியம் அப்படியே மேலிடத்துக்குப் போயிருந்தால், கேள்விக்கு மழுப்பி விடையளித்தவன் என்ற பெயர் எனக்கு ஏற்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆங்கிலத்தில் ஒரு வினையின் பின்னால் மற்றொரு வினை வரும்பொழுது, அது 'டு' சேர்ந்து வருமா, 'இங்' சேர்ந்து வருமா என்பது மாணவர்களை வாட்டும் கேள்வியாகும். இதற்கென நீண்ட அட்டவணைகளை மனனஞ் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். இவ்வேறுபாடு தமிழிலும் உண்டென்பதை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

'கதவைப் பூட்ட மறந்தேன்' என்கிறோம். 'கதவைப் பூட்டியதை மறந்தேன்' என்றும் சொல்கிறோம். முதலாவதிற் கதவு திறந்தே கிடக்கிறது, இரண்டாவதிற் பூட்டியாயிற்று. எழுத்தறியாத பாட்டியும் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லமாட்டாள். 'பூட்ட' என்பதை நம் இலக்கணகாரர் செயவென் எச்சம் என்பர்; அது இனி நிகழவேண்டிய செயலைச் சுட்டி நிற்கிறது. 'பூட்டியது', 'பூட்டுதல்' என்பன தொழிற்பெயர்கள். அவை செயலை ஒரு பொருள்போல் எடுத்து நம் முன்னே வைக்கின்றன. ஆங்கிலத்தின் 'டு' பெரும்பாலும் நமது எச்சத்தின் வேலையையும், 'இங்' நமது தொழிற்பெயரின் வேலையையும் செய்கின்றன.

இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. 'டு' என்பது முதலில் ஓர் இடத்தை நோக்கிச் செல்வதைக் காட்டிய சொல். நமது நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' போன்றது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லை அடுத்துவந்த வினைச்சொல்லும் நான்காம் வேற்றுமை ஈறு ஏற்றே நின்றது. 'செய்வதற்கு' என்று நாம் சொல்வதைப் போல. ஆகவே 'டு' முன்னோக்கிப் பார்க்கும் இயல்புடையது. விரும்புதல், நம்பியிருத்தல், தீர்மானித்தல், வாக்களித்தல், மறுத்தல் ஆகிய பொருள்தரும் 'வொண்ட்', 'ஹோப்', 'டிசைட்', 'ப்ரொமிஸ்', 'ரிஃபியூஸ்' என்பவற்றை அடுத்து 'டு' வருவது இதனாலேயே. 'இங்' ஈறோ பழங்காலத்திலிருந்தே வினையைப் பெயராக்குவது. கையில் உள்ள செயலையோ, முடிந்த செயலையோ பற்றிப் பேசும் 'என்ஜோய்', 'ஃபினிஷ்', 'அட்மிட்', 'டினை' என்பவற்றின் பின்னால் அது வருகிறது.

இரண்டையும் ஏற்றுப் பொருள் வேறுபடும் வினைகளே மிகுந்த கவனத்துக்குரியவை. 'ஹி ஸ்டொப்ட் டு டோக்' என்றால், பேசுவதற்காக நின்றார். 'ஹி ஸ்டொப்ட் டோக்கிங்' என்றால், பேச்சை நிறுத்தினார். வேலையை விட்டதைக் குறிப்பிட விரும்பி, விண்ணப்பத்தில் 'ஐ ஸ்டொப்ட் டு வேர்க்' என்று எழுதுபவர், வேலை செய்வதற்காக நின்றதாகச் சொல்லிவிடுகிறார். 'வி ரிக்ரெட் டு இன்ஃபோம் யூ' என்பது வேலை கிடையாதென்று வருங் கடிதங்களில் நாம் காண்பது. தெரிவிக்க வருந்துகிறோம் என்பது பொருள். 'ஐ ரிக்ரெட் டெலிங் ஹிம்' என்பதோ, அவரிடம் சொல்லிவிட்டேனே என்ற மனவருத்தம்.

'ட்ரை' என்ற சொல்லுக்கும் தமிழ் அழகாக வழிகாட்டுகிறது. இறுகிப்போன யன்னலைத் திறக்கப் பார்த்தேன்; முடியவில்லை. இது 'ட்ரைட் டு ஓப்பன்'. அறையிற் புழுக்கம்; யன்னலைத் திறந்து பார்த்தேன்; அப்பொழுதும் காற்று வரவில்லை. இது 'ட்ரைட் ஓப்பனிங்'. 'திறக்கப் பார்த்தேன்' என்பது முயற்சி. 'திறந்து பார்த்தேன்' என்பது பரிசோதனை.

ஆயினும் தமிழை நம்பி எல்லா இடத்துக்கும் போய்விட முடியாது. 'சஜெஸ்ட்', 'அவொயிட்', 'மைண்ட்' ஆகியவை பெரும்பாலும் இனி நிகழக்கூடிய செயலைப் பற்றியனவாயினும் 'இங்' ஈற்றையே வேண்டி நிற்கும். 'ஹி சஜெஸ்டெட் டு கோ' என்பது நம்மவரிடையே அடிக்கடி காணப்படும் பிழை. 'ஹி சஜெஸ்டெட் கோயிங்' என்பதே சரி. இத்தகைய சிலவற்றை மனனஞ் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 'பிகின்', 'ஸ்டார்ட்' என்பவற்றுக்குப் பின்னால் எதை எழுதினாலும் பொருள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைப் பற்றிக் கலங்கவேண்டாம்.

இன்னுமொரு கண்ணி உண்டு. கடிதத்தின் இறுதியில், 'ஐ லுக் ஃபோர்வேட் டு ஹியர் ஃப்ரொம் யூ' என்று எழுதுவோர் பலர். அங்குள்ள 'டு' வினையோடு சேர்ந்ததன்று. 'கு' உருபு போல் பெயரை வேண்டி நிற்பது. அதன் பின்னால் 'யுவர் லெட்டர்' என்ற பெயரை வைத்துப் பாருங்கள், பொருந்துகிறதல்லவா? பெயர் பொருந்துமிடத்தில் வினையும் பெயராகியே வரவேண்டும். ஆகவே 'டு ஹியரிங்' என்று எழுதுக.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஆங்கிலம் எழுதத் திணறும்போது, "நீ சொல்ல வந்ததை முதலில் தமிழிற் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். செயல் முடிந்துவிட்டதா, இனித்தான் நிகழவேண்டுமா என்பது அவர்கள் வாயிலிருந்தே தெளிவாகும். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒரு கேள்வி. 'ஷி டிட் நொட் ரிமெம்பர் டு போஸ்ட் த லெட்டர்'. 'ஷி டிட் நொட் ரிமெம்பர் போஸ்டிங் த லெட்டர்'. இவ்விரண்டில், எந்த வாக்கியத்திலுள்ள கடிதம் தபாலிற் சேராமல் அவளுடைய கைப்பையிலேயே கிடக்கிறது? தமிழிற் சொல்லிப் பார்த்து விடை காணுங்கள்.