ரெண்டு நிமிஷ மௌன அஞ்சலி போதுமா?

அவன் செத்து ரெண்டு வாரம் வரைக்கும் அட்டெண்டன்ஸ்ல அவன் பேரைக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. ரிஜிஸ்டர்ல அடிக்க மறந்துட்டாங்களாம். ஒருநாள் பழக்க தோஷத்துல ஒருத்தன் 'ஆப்சென்ட் சார்'னு சொல்லிட்டு அப்படியே டெஸ்க்ல கவுந்துட்டான்.

2016, இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். பைக் விபத்து. நான் போளூர், அவனுக்கு மேலே ஜவ்வாது மலையில ஒரு கிராமம். போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் பஸ் பிடிச்சு பதினஞ்சு பேர் போனோம். ஊரே உட்கார்ந்து அழுதுச்சு, அவனைப் பத்திப் பேசுச்சு. நாங்க ஓரமா நின்னு, மாலையைப் போட்டுட்டு கிளம்பிட்டோம். திங்கக்கிழமை இன்டர்னல் ஆச்சே! காலேஜ்ல ரெண்டு நிமிஷ மௌனம், ஒரு ஃப்ளெக்ஸ். அவ்ளோதான்.

வீட்டுக்காரங்ககிட்ட பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் துக்கம் கேட்க ஆள் வரும். ஹாஸ்டல் ரூம்மேட்கிட்ட யாரு வந்து கேட்பா?

தர்மபுரியையே எடுத்துக்குங்க. 2000 பிப்ரவரி 2, கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸை எரிச்சதுல கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா மூணு பேரும் கருகிப் போனாங்க. குற்றவாளிங்க மூணு பேரோட தூக்கு 2016ல ஆயுளா குறைஞ்சது, 2018ல விடுதலை. ஒவ்வொரு தடவையும் அதைப் பத்தி அவ்ளோ பேச்சு. அதே பஸ்ல இருந்து தப்பிச்ச பொண்ணுங்க இன்னிக்கு நாப்பதைத் தாண்டியிருப்பாங்க. அவங்க எப்படித் தூங்கினாங்கன்னு நாம பேசி நான் கேட்டதில்லை.

கவுன்சிலிங்னாலே நமக்கு இன்ஜினியரிங் சீட்டுதான் ஞாபகம் வருது :-) நான் சொல்றது வேற. ஆடிட்டோரியத்துல ஐநூறு பேரை உட்கார வச்சு மோட்டிவேஷன் ஸ்பீச் குடுக்கிறதும் இல்லை. செத்த மறுநாளே எல்லாரையும் பிடிச்சு வச்சு 'நடந்ததைச் சொல்லு'ன்னு நோண்டுறதும் தப்பு. உலக சுகாதார நிறுவனமே அது வேண்டாம்னுதான் சொல்லுது. கொஞ்ச நாள் போகட்டும். நெருக்கமா இருந்த ஏழெட்டு பேர், பயிற்சி உள்ள ஒரு கவுன்சிலர், ஒரு ரூம், வாரம் ஒரு மணி நேரம். இஷ்டம் இருக்கிறவன் வரட்டும், சும்மா உட்கார்ந்துட்டுப் போனாலும் சரி. ராத்திரியில தாங்கலைன்னா டெலி மானஸ் 14416 இருக்கு, 2022ல இருந்து. ஆனா போன்ல இருக்கிறவருக்கு அவனைத் தெரியாதே! தெரிஞ்சவங்க கூட உட்கார்ந்து அழறது வேற.

பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்குக்கு முழு நாள் ஒதுக்குறவங்களுக்கு இந்த ஒரு மணி நேரம் கிடைக்காதா?

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா... 2021ல ஒரு கல்யாணத்துல அந்த 'ஆப்சென்ட்' சொன்னவனைப் பார்த்தேன். பந்தியில பக்கத்துல உட்கார்ந்து, இலையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "மச்சான், அன்னிக்கு வண்டிச் சாவியைக் குடுத்தது நான்தான்டா."

அஞ்சு வருஷம். எங்க யாருக்குமே தெரியாது.